திருவாவடுதுறை: கோயிலும் மடமும் தமிழ்ப் பள்ளியும்

கேள்வி: 2023-இல் புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் செங்கோல் வைத்தபோதுதான் திருவாவடுதுறை ஆதீனம் என்ற பெயரைக் கேட்டேன். அது கோயிலா, மடமா? எப்படித் தோன்றியது? நேரில் போனால் எதைப் பார்க்க வேண்டும், என்னென்ன வழக்கங்கள் இருக்கின்றன?

கோயிலும் உண்டு, மடமும் உண்டு. இரண்டும் ஒரே ஊரில், ஒன்றுக்கொன்று அருகிலேயே இருக்கின்றன. கோயில் தேவாரக் காலத்துக்கும் முந்தையது. மடம் அதற்குப் பல நூற்றாண்டுகள் பின்னால் வந்தது. "ஆதீனம்" என்று செய்தித்தாள்கள் எழுதுவது இந்த மடத்தைத்தான். அதன் தலைவரையும் அதே சொல்லால் குறிப்பது வழக்கமாகிவிட்டது. ஊர் மயிலாடுதுறை மாவட்டத்தில், மயிலாடுதுறைக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில் இருக்கிறது. ரயிலில் வருகிறவர்கள் நரசிங்கன்பேட்டையில் இறங்க வேண்டும். அதே தடத்தில் ஆடுதுறை என்று ஓர் ஊரும் நிலையமும் உண்டு. பெயர் ஒலியால் மயங்கி அங்கே இறங்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

செங்கோலைப் பற்றிக் கீழே சொல்கிறேன். ஆனால் அது இந்த மடத்தின் வரலாற்றில் ஓர் இரவு நடந்த செயல். அதற்கு முன்னும் பின்னும் தலைமுறை தலைமுறையாக இந்த மடம் செய்துவந்த வேலை வேறு: மாணவனுக்குச் சோறு போட்டு, ஏட்டைக் கையில் கொடுத்து, பாடம் சொல்லி அனுப்புவது. இன்று நாம் படிக்கும் பழந்தமிழ் நூல்களில் சில நம் கைக்கு வந்ததற்கே இந்த ஊர் ஒரு காரணம். இதை அறிந்துகொண்டு போகிறவருக்குத்தான் இந்த ஊர் விளங்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் கோயில். சுவாமி மாசிலாமணீஸ்வரர், கோமுத்தீஸ்வரர் என்றும் சொல்வார்கள். அம்மை ஒப்பிலாமுலையாள். உமை பசு வடிவம் கொண்டு இங்கே வழிபட்டு அந்த வடிவம் நீங்கினாள் என்பது தலபுராணம். தலமரம் படர் அரசு. உள்ளே நுழைந்ததும் மிகப் பெரிய நந்தி ஒன்றைக் காண்பீர்கள். அதைக் கடந்துதான் மற்ற எல்லாம்.

சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் இத்தலத்தைப் பாடியிருக்கிறார்கள். சம்பந்தரின் "இடரினும் தளரினும்" என்று தொடங்கும் பதிகம் பிறந்த கதை எல்லாச் சைவ வீடுகளிலும் தெரிந்தது. தந்தை சிவபாத இருதயருக்கு வேள்வி செய்யப் பொன் தேவைப்படுகிறது. பிள்ளை கையில் எதுவும் இல்லை. இறைவனிடமே உரிமையோடு கேட்கிறார்: எனக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை என்றால் நீ எங்களை ஆளும் முறை இதுதானா, உன் அருள் இவ்வளவுதானா என்று. பூதம் ஒன்று பலிபீடத்தில் ஆயிரம் பொன் கொண்ட கிழியை வைத்துப் போனது என்கிறது பெரியபுராணம். பெரியபுராணம் 12ஆம் நூற்றாண்டு நூல், பிற்காலத்தவர் கட்டிய கதையாக இருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சம்பந்தர் வாழ்ந்த காலத்திலேயே வாழ்ந்த அப்பர், இத்தலத்துப் பதிகத்தில் "கழுமல ஊரர்க்கு அம்பொன் ஆயிரம் கொடுப்பர் போலும்" என்று பாடுகிறார். கழுமலம் என்பது சீர்காழி. ஆக, பொன் கிடைத்த செய்தி அந்தத் தலைமுறையிலேயே பேசப்பட்டது.

இன்னொரு பெயர் திருமூலர். கயிலையிலிருந்து அகத்தியரைக் காணப் பொதிகைக்குப் புறப்பட்ட யோகி ஒருவர், பக்கத்து ஊரான சாத்தனூரில் மூலன் என்ற இடையன் இறந்துகிடப்பதையும் அவன் மேய்த்த பசுக்கள் அவனைச் சுற்றி நின்று கதறுவதையும் பார்த்தார். பசுக்களின் துயர் பொறுக்காமல் அவன் உடலில் புகுந்து அவற்றை வீடுகளுக்குக் கொண்டு சேர்த்தார். திரும்பி வந்தபோது தம் பழைய உடல் இல்லை. பிறகு ஆவடுதுறைக் கோயிலின் அரசமரத்தடியில் யோகத்தில் அமர்ந்து, ஆண்டுக்கு ஒரு பாட்டாக மூவாயிரம் பாட்டு அருளினார். திருமந்திரம் பிறந்த வரலாறாகச் சைவ மரபு சொல்வது இது. கோயில் வெளிச்சுற்றில் அவருடைய சந்நிதி இருக்கிறது. ஐப்பசி அசுவினியில் குருபூசை. யோகமும் வேதமும் கற்ற ஒருவர் மாடு மேய்ப்பவனின் உடலோடு தமிழில் பேசினார் என்ற அந்தக் கதையை நான் வெறும் அற்புதக் கதையாகப் படிப்பதில்லை. பிற்காலத்தில் இங்கே எழுந்த மடம் எந்த மொழியில் சாத்திரம் செய்தது என்பதற்கு அது முன்னுரை மாதிரி நிற்கிறது.

திருவிசைப்பா பாடிய திருமாளிகைத் தேவரும் இங்கே வாழ்ந்தவர். அவரைப் பிடிக்க வந்த மன்னனின் படையைக் கோயில் மதில்மேல் இருந்த நந்திகள் உயிர்பெற்று இறங்கி விரட்டின என்பது ஊர்க்கதை.

கல்வெட்டுகளுக்கு வந்தால், பராந்தக சோழன் காலம் முதலே இங்கே சாசனங்கள் கிடைக்கின்றன. எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது விக்கிரம சோழன் காலத்தது, 1121ஆம் ஆண்டுக்குரியது. இவ்வூர் மடம் ஒன்றில் மருத்துவ நூல்களான அட்டாங்க இருதயமும் சரக சங்கிதையும் படிப்பவர்களுக்கும், ரூபாவதாரம் என்ற வடமொழி இலக்கணம் படிப்பவர்களுக்கும் உணவு அளிக்க ஏற்பாடு செய்ததை அது சொல்கிறது. இன்றைய ஆதீனம் அந்த மடத்தின் நேர்த் தொடர்ச்சி என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் படிப்பவனுக்குச் சோறு என்ற ஏற்பாடு இவ்வூருக்கு 900 ஆண்டுப் பழக்கம்.

இனி இன்றைய ஆதீனம். இதன் தோற்றத்தைப் புரிந்துகொள்ள மெய்கண்டாரிலிருந்து தொடங்க வேண்டும். திருவெண்ணெய்நல்லூரில் மெய்கண்டார் சிவஞானபோதம் என்ற பன்னிரண்டு சூத்திரச் சைவ சித்தாந்த நூலைத் தந்தார். அவர் மாணவர் அருணந்தி சிவம், அவர் மாணவர் மறைஞான சம்பந்தர், அவர் மாணவர் உமாபதி சிவம். இந்த நால்வரைச் சந்தான குரவர் என்பார்கள். உமாபதி சிவம் தில்லைவாழ் அந்தணர் மரபில் வந்தவர். மறைஞான சம்பந்தரைக் குருவாகக் கொண்டதால் தம் கூட்டத்தாரால் விலக்கி வைக்கப்பட்டார் என்று மரபு சொல்கிறது. அவருடைய சங்கற்ப நிராகரணம் என்ற நூல் 1313ஆம் ஆண்டு எழுதப்பட்டது. அவரிடம் அருள்நமசிவாயர், அவரிடம் சித்தர் சிவப்பிரகாசர், அவரிடம் மூவலூரில் பிறந்த நமசிவாய மூர்த்திகள் என்று வழி தொடர்கிறது. இந்த நமசிவாய மூர்த்திகள்தான் திருவாவடுதுறை ஆதீனத்தின் முதல் குரு. மடத்துக்குள் அவருக்குச் சந்நிதி இருக்கிறது.

கோயில் பக்கத்திலேயே இருக்க, மனிதர் ஒருவருக்கு ஏன் சந்நிதி என்று முதன்முறை வருகிறவர்கள் கேட்பதுண்டு. சைவ சித்தாந்தத்தில் இறைவனே குரு வடிவில் வந்து உயிரை ஆட்கொள்கிறான். எனவே குரு, லிங்கம், அடியார் மூன்றும் வழிபாட்டுக்குரியவை. மடத்தின் சடங்குகள் எல்லாவற்றுக்கும் வேர் இந்த ஒரு கொள்கைதான். இதை விட்டுவிட்டுப் பார்த்தால், ஒரு துறவியைச் சிவிகையில் (பல்லக்கில்) ஏற்றுவதும் அவர் முன் விழுந்து வணங்குவதும் வெறும் ஆடம்பரமாகவே தெரியும்.

சைவக் கூட்டங்களின் முடிவில் "கயிலாய பரம்பரையில்" என்று தொடங்கும் ஒரு வாழ்த்துப் பாடலை நீங்கள் கேட்டிருக்கக்கூடும். "குயிலாரும் பொழில் திருவாவடுதுறைவாழ் குருநமச்சிவாய தேவன்" என்று அதில் வருகிறவர் இந்த நமசிவாய மூர்த்திகள்தான். "திருமரபு நீடூழி தழைக மாதோ" என்று முடியும் அந்தப் பாட்டைச் செய்தவர் இதே மடத்துத் தம்பிரானான (துறவியான) சிவஞான முனிவர். எங்கோ ஒரு சிற்றூரில் திருமுறை முற்றோதல் நடந்து முடியும்போதும் இந்த ஊர்ப் பெயர் அங்கே ஒலிக்கிறது.

மடத்தின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தலைவரைக் குருமகா சந்நிதானம் என்பார்கள். பழைய நூல்களில் பண்டார சந்நிதி என்று வரும். அவருக்கு அடுத்து வரப்போகிறவர் சின்னப்பட்டம். மற்றத் துறவிகள் தம்பிரான்கள். மடத்து நிர்வாகத்தைக் கவனிக்கும் தம்பிரானுக்குக் காறுபாறு என்று பெயர். மடத்தின் ஆட்சியில் உள்ள கோயில்களுக்குச் சென்று அங்கே தங்கிக் கட்டளைகளை (பூசைக்கும் விழாவுக்கும் ஏற்படுத்திய அறக்கொடைகளை) பார்த்துக்கொள்பவர் கட்டளைத் தம்பிரான். திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி கோயிலும் சூரியனார்கோயிலும் இம்மடத்தின் ஆட்சியில் உள்ளவை. தலைவர் தனித்திருக்கும் அறைப் பகுதி ஒடுக்கம். தம்பிரான்கள் திருமணம் செய்துகொள்ளாதவர்கள். காவி உடை, உருத்திராக்கம், காதில் சுந்தர வேடம் என்னும் அணி ஆகியவை அவர்களுக்கு அடையாளம். தலைவர்களின் பெயர்கள் திரும்பத் திரும்ப வருவது படிப்பவர்களைக் குழப்பும்: 1947-இல் இருந்த 20ஆவது தலைவரும் அம்பலவாண தேசிகர், இன்றைய 24ஆவது தலைவரும் அம்பலவாண தேசிகர். ஆண்டையோ வரிசை எண்ணையோ பார்த்துத்தான் யார் என்று தீர்மானிக்க வேண்டும்.

இந்த மடத்தவர் செய்த சாத்திரங்கள் 14. பண்டார சாத்திரம் என்று தொகுத்துச் சொல்வார்கள். அவற்றில் பத்து, பழைய அம்பலவாண தேசிகர் ஒருவர் செய்தவை. மெய்கண்ட சாத்திரம் 14-க்கு இணையாக இவற்றை வைத்துப் படிப்பது ஆதீன மரபு.

ஆனால் அறிவுலகில் இம்மடத்தின் உச்சம் 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சிவஞான முனிவர். திருநெல்வேலிச் சீமையில், பாபநாசத்தை அடுத்த விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்தவர்; பிள்ளைப் பெயர் முக்களாலிங்கர். பள்ளிக்குப் போகும் வழியில் இம்மடத்துத் தம்பிரான்களைக் கண்டு, வீட்டுக்கு அழைத்துவந்து தாயைக் கொண்டு உணவு படைத்தான் அந்தச் சிறுவன். அவர்கள் புறப்பட்டபோது அவர்களோடு போகவே விரும்பினான் என்பது அவருடைய வரலாறு. பின்னாளில் சிவஞானபோதத்துக்கு அவர் எழுதிய பேருரைதான் மாபாடியம். தருக்கமும் வடமொழி ஆகமமும் தொல்காப்பியமும் ஒரே மனிதரிடம் எப்படிக் கூடின என்று வியந்துகொண்டே படிக்க வேண்டிய நூல் அது. மாற்றார் கருத்தை எடுத்துச் சொல்லும்போது அவர்களே சொல்லியிருக்கக்கூடியதைவிடத் தெளிவாகச் சொல்லி, பிறகுதான் மறுப்பார். அந்த நேர்மைக்காகவே அவரை நான் மதிக்கிறேன். மடத்துக்குள் நெடுங்காலம் போற்றிக் காக்கப்பட்ட அந்த உரை முழுவதும் அச்சேறியது 20ஆம் நூற்றாண்டில்தான். தொல்காப்பியச் சூத்திர விருத்தியும் காஞ்சிப் புராணமும் அவர் எழுதியவையே. தணிகைப் புராணம் பாடிய கச்சியப்ப முனிவர் அவர் மாணவர். முனிவர் 1785-இல் மறைந்தார்.

யாழ்ப்பாணத்துக்கும் இம்மடத்துக்கும் உள்ள தொடர்பை இங்கே சொல்லியாக வேண்டும். நல்லூர் ஆறுமுகம் பிள்ளை 1849-இல் அச்சு இயந்திரம் வாங்கத் தமிழகம் வந்தபோது திருவாவடுதுறையில் பிரசங்கம் செய்தார். கேட்டு மகிழ்ந்த ஆதீனம் அவருக்கு "நாவலர்" என்ற பட்டத்தைக் கொடுத்தது. ஆறுமுக நாவலர் என்று இன்று உலகம் அறியும் பெயரில் பின்பாதி இந்த ஊர் தந்தது.

இனி 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு வருகிறேன். இந்த மடத்தைப் பற்றி ஒரே ஒரு காலப்பகுதியைத்தான் சொல்ல முடியும் என்றால் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். ஆதீன வித்துவானாக இருந்தவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, பிறப்பு 1815. தலபுராணங்கள், பிள்ளைத்தமிழ், அந்தாதி, கோவை என்று அவர் பாடாத வகை இல்லை. அவர் வாய்மொழியாகச் செய்யுளைச் சொல்லிக்கொண்டே போக, ஒருவர் ஏட்டில் எழுதிக்கொண்டே வருவார். தலைவராக இருந்தவர் 16ஆவது குருமகா சந்நிதானமான சுப்பிரமணிய தேசிகர். தமிழும் வடமொழியும் இசையும் அறிந்தவர். வித்துவான்களைத் தேடி அழைத்துப் பேசவைத்துப் பரிசு கொடுத்து அனுப்புவதில் மகிழ்ச்சி கண்டவர்.

பிள்ளையிடம் பாடம் கேட்க 1871-இல் வந்து சேர்ந்தான் ஓர் அந்தண இளைஞன், உ.வே. சாமிநாதையர். குடும்பத்தில் வறுமை. மடம் அவனைத் தாங்கியது. பிள்ளையோடு திருவாவடுதுறை வந்தபின் தேசிகரின் அன்பும் கிடைத்தது. பிள்ளை 1876 பிப்ரவரியில் மறைந்தபோது, குடும்பமும் பிழைப்பும் என்ன ஆகும் என்று கலங்கி நின்ற அந்த மாணவரைத் தேசிகர் தம்மோடு வைத்துக்கொண்டார். தாமே பாடம் சொன்னார். மடத்துக்கு வருகிற மாணவர்களுக்குப் பாடம் சொல்லவும் வைத்தார். 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தியாகராச செட்டியார் தாம் வகித்த தமிழாசிரியர் பதவிக்கு இவரைக் கேட்டபோது, பிரிய மனமில்லாமலேயே அனுப்பிவைத்தார். அங்கே போன பிறகுதான் பழைய காப்பியங்களைப் படிக்கத் தூண்டிய சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்ததும், சீவக சிந்தாமணியைக் கையில் எடுத்ததும். மடத்துச் சுவடிகள் அந்த வேலைக்கு உதவின. சிந்தாமணி 1887-இல் அச்சில் வந்தது. அடுத்து பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை. சிந்தாமணியும் மணிமேகலையும் சமணமும் பௌத்தமும் சார்ந்த நூல்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். அவற்றைப் பதிப்பித்த கை பழகியது ஒரு சைவ மடத்தின் திண்ணையில்.

பிள்ளையின் கடைசி நேரம் பற்றி அவருடைய மாணவர் எழுதிவைத்திருக்கும் செய்தி ஒன்று உண்டு. உயிர் பிரியும் வேளையில் திருவாசகத்தில் அடைக்கலப் பத்தை வாசிக்கச் சொன்னார் ஆசிரியர். வாசித்தவர் சாமிநாதையர். ஆசிரியரைத் தம் மார்பில் சாய்த்துத் தாங்கிக்கொண்டிருந்தவர் சவேரிநாத பிள்ளை என்ற கிறிஸ்தவ மாணவர். மாயூரத்தில் (இன்றைய மயிலாடுதுறையில்) முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளையும் கிறிஸ்தவர்தான். தமிழின் முதல் நாவலை எழுதியவர். அவர் சுப்பிரமணிய தேசிகர் மீது பாடல்கள் பாடியிருக்கிறார். தமிழ் என்ற ஒன்றின் பேரில் இவர்கள் அனைவரும் இங்கே கூடினார்கள்.

அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்லாவிட்டால் நான் எழுதுவது அரைவரலாறு ஆகிவிடும். அந்தக் காலத்து மடத்தில் பந்தி சாதிப்படி பிரிந்திருந்தது. அந்தணர்க்கு வேறு இடத்தில் சாப்பாடு. தலைமைப் பட்டமும் சைவ வேளாள மரபினருக்கு உரியதாகவே வந்திருக்கிறது. மடத்துக்கு வழிவழியாகச் சேர்ந்த நிலங்கள் ஏராளம். நிலம் வைத்திருக்கும் எந்த நிறுவனத்துக்கும் உழுகிறவர்களோடு வரும் பிணக்குகளுக்கு இதுவும் விலக்கல்ல. பிராமணர் அல்லாதவர் கையில் சாத்திரமும் குருபீடமும் இருந்த இடம் என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்தப் பெருமை உண்மைதான். கதவு எல்லார்க்கும் ஒரே அளவு திறந்திருக்கவில்லை என்பதும் உண்மைதான்.

இசைக்கு வந்தால், மகா வைத்தியநாதையர் என்ற பெயரின் முன்னால் உள்ள "மகா" இம்மடம் கொடுத்தது. கல்லிடைக்குறிச்சியில், அவர் சிறுவனாக இருந்தபோதே, சுப்பிரமணிய தேசிகர் முன்னிலையில் பாடிப் பெற்ற பட்டம். அடுத்த நூற்றாண்டில் ஊர்ப் பெயரையே தம் பெயராக்கிக்கொண்டவர் நாகசுர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956). "டி" என்பது திருவாவடுதுறை. மடத்தின் வித்துவான். கோயில் சுவாமி புறப்பாட்டில் இரவு முழுவதும் ஒரே இராகத்தை விரித்து வாசிக்கும் மரபில் ஊறியவர். அவருடைய தோடியைக் கேட்டவர்கள் அதைப் பற்றிப் பேசி ஓய்ந்ததில்லை. பக்கத்து ஊரான நரசிங்கன்பேட்டை நாகசுரம் செய்யும் ஊர். அங்கிருந்த ரங்கநாதன் ஆசாரி கடைந்து கொடுத்த பாரி நாகசுரத்தை (நீளமான, தாழ்ந்த சுருதி கொண்ட வகையை) அவர் வாசித்துப் பரப்பினார். கச்சேரி மேடைக்கு அதுவே நிலைபெற்றது. நரசிங்கன்பேட்டை நாகசுரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊருக்குப் போகிறவர்கள் அந்தப் பட்டறைத் தெருவையும் பார்த்துவிட்டு வரலாம்.

இப்போது செங்கோல். சென்னையில் உம்மிடி பங்காரு செட்டியார் கடையில் செய்த, உச்சியில் நந்தி அமர்ந்த தங்க முலாம் செங்கோலை அப்போதைய தலைவர் அம்பலவாண தேசிகர் குமாரசுவாமித் தம்பிரானிடம் கொடுத்து டில்லிக்கு அனுப்பினார். ஓதுவாரும் ராஜரத்தினம் பிள்ளையும் உடன் சென்றார்கள். 1947 ஆகஸ்டு 14 இரவு நேருவின் வீட்டில் அது அவரிடம் கொடுக்கப்பட்டது. சம்பந்தரின் கோளறு பதிகம் பாடப்பட்டதாக ஆதீன மரபு சொல்கிறது. "அரசாள்வர் ஆணை நமதே" என்று முடியும் பதிகம் என்பதால் பொருத்தம் விளங்கும். பிறகு அது அலகாபாத் அருங்காட்சியகத்தில் இருந்தது. 2023 மே 28 அன்று மக்களவையில் வைக்கப்பட்டது. இதில் எது உறுதி, எது சர்ச்சை என்று பிரித்துப் பார்ப்பது நல்லது. ஆதீனத்தார் போனதும் நேருவிடம் கொடுத்ததும் அந்நாளைய பத்திரிகைகளிலேயே வந்த செய்தி. மவுண்ட்பேட்டன் கேட்டு, ராஜாஜி ஆலோசனை சொல்லி, ஆட்சி மாற்றத்தின் அதிகாரபூர்வச் சடங்காகவே இது நடந்தது என்ற பகுதிதான் விவாதத்துக்கு உள்ளாகியிருக்கிறது. ஒரு தமிழ் மடம் தன் மரபுப்படி புதிய ஆட்சிக்கு வாழ்த்து அனுப்பியது என்பதே போதுமான பெருமை. அதற்குமேல் சுமை ஏற்றத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

வழக்கங்களில் முதன்மையானது தை மாத அசுவினியில் வரும் நமசிவாய மூர்த்திகள் குருபூசை. அதை ஒட்டியே கோமுத்தீஸ்வரர் கோயிலில் ரத சப்தமிப் பெருவிழாவும் நடப்பதால் ஊர் பத்து நாளும் நிறைந்திருக்கும். பகலில் மடத்தில் பூசை, மாகேசுவர பூசை என்னும் அடியார்க்கு அமுது, திருமுறைப் பாராயணம், அறிஞர் பேச்சு. வித்துவான்களுக்குச் சம்மானம் செய்வதும் அப்போதுதான். சாமிநாதையர் காலத்தில் தமிழகத்தின் பல மூலைகளிலிருந்தும் புலவர்களும் பாடகர்களும் இந்தக் குருபூசைக்காக வந்து குவிந்தார்கள். இரவில் குருமகா சந்நிதானம் சிவிகையில் வீதிவலம் வருவார். அதுதான் பட்டினப் பிரவேசம். வலம் முடிந்து மடத்துக்குத் திரும்பியபின் கொலுவில் அமர்ந்து காட்சி தருவார். அடியார்கள் வணங்கித் திருநீறு பெறுவார்கள்.

பட்டினப் பிரவேசம் பற்றி 2022-இல் பெரிய விவாதம் எழுந்தது. அது எழுந்த இடம் அருகில் உள்ள தருமபுரம் ஆதீனம். மனிதரை மனிதர் சுமப்பது மனித மாண்புக்கு இழுக்கு என்று எதிர்ப்பு வந்தது. கோட்டாட்சியர் தடை விதித்தார். சமய அமைப்புகள் எதிர்த்தன. பின்னர் தடை விலக்கப்பட்டு விழா நடந்தது. சுமப்பவர்கள் குருவைத் தாங்கும் பேறு என்று விரும்பிச் செய்கிறார்கள் என்பது மடத்தார் பக்கம். சம்பந்தர் ஏறிவந்த சிவிகையை அப்பர் தோள்கொடுத்துத் தாங்கினார் என்ற பெரியபுராண நிகழ்ச்சியையும் அவர்கள் எடுத்துக்காட்டுவார்கள். நான் அந்த நிகழ்ச்சியை வேறு விதமாக வாசிக்கிறேன். அப்பர் தாங்குகிறார் என்று அறிந்த கணத்தில் சம்பந்தர் பதறிக் கீழே இறங்கிவிடுகிறார். அந்தப் பதற்றமும் நம் மரபின் பகுதிதான். முடிவை மடத்துத் துறவிகளும் அடியார்களும் தங்களுக்குள் பேசி எடுப்பதே சரியாக இருக்கும்.

கடைசியாக, போகிறவருக்குச் சில குறிப்புகள். முதலில் கோயில், பிறகு மடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோயிலில் சுவாமி, அம்மை, திருமூலர் சந்நிதி, படர் அரசு ஆகியவற்றை விட்டுவிடாதீர்கள். கோயில் நடை பிற்பகலில் சாத்தியிருக்கும் என்பதால் காலையிலேயே போய்விடுவது நல்லது. மடத்துக்குள் ஆண்கள் மேல்சட்டை இல்லாமல் வேட்டி அணிந்து போவது மரபு. நமசிவாய மூர்த்திகள் சந்நிதியை வணங்கிய பிறகு, குருமகா சந்நிதானம் ஊரில் இருக்கிறாரா, பார்க்க முடியுமா என்று மடத்து அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். பார்க்கும்போது வெறுங்கையோடு போகாமல் பழமோ பூவோ கொண்டுபோவார்கள். அவர் கொடுக்கும் திருநீற்றைக் கீழே சிந்தாமல் வாங்கி அங்கேயே நெற்றியில் இட்டுக்கொள்ள வேண்டும். படம் எடுக்கும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள்.

மடத்தில் சரசுவதி மகால் என்ற நூலகம் இருக்கிறது. தஞ்சாவூரில் உள்ள அதே பெயருடைய நூலகத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். சுவடிகளும் ஆதீனப் பதிப்புகளும் அங்கே உண்டு. ஆதீன வெளியீடுகள் எளிய விலையில் கிடைக்கும். சித்தாந்தத்துக்குப் புதியவர் மாபாடியத்தில் கைவைக்காமல் உமாபதி சிவத்தின் திருவருட்பயன் உரையிலிருந்து தொடங்கலாம். முறையாகப் படிக்க விரும்பினால், தமிழகத்தின் பல ஊர்களில் ஆதீனம் சைவ சித்தாந்தப் பயிற்சி வகுப்புகளையும் திருமுறை வகுப்புகளையும் நடத்துகிறது; வேலைக்குப் போகிறவர்களும் சேரும்படி விடுமுறை நாளில் நடப்பவை அவை. உங்கள் ஊருக்கு அருகில் எங்கே வகுப்பு நடக்கிறது என்பதையும் அதே அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.